ஆழமில்லாக் கடல்

தாமல் ஏரி நிரம்பிவிட்டால், "ஆழத்துப் பக்கம் போகாதே" என்பதுதான் நம் வீடுகளில் முதல் எச்சரிக்கை. ஆகவே ஆழமே ஆபத்து என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். இராமேசுவரத்தைச் சுற்றியுள்ள கடலைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது.

தமிழ்நாட்டிற்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே உள்ளது பாக் நீரிணை. சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரே அதற்கு வழங்குகிறது. அதன் தெற்கே பாக் விரிகுடா, அதற்கும் தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கிறது இராமேசுவரம் தீவு. தீவின் கிழக்கு முனையான தனுஷ்கோடிக்கு அப்பால், தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திற்கு மணல் திட்டுகள். சில இடங்களில் நீர் ஓர் ஆள் உயரந்தான்! தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரும் பெரிய கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும்.

மீனவர்கள் தெற்குக் கடலை 'ஆண் கடல்' என்றும், அலை குறைந்த வடக்குக் கடலைப் 'பெண் கடல்' என்றும் சொல்வார்களாம். பெண் என்றால் அமைதி என்று யார் சொன்னார்களோ! வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெண் கடலும் பொங்கி எழும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் வந்தது. ஆழ்கடலில் புயல் தள்ளும் நீர் அடியில் இறங்கித் திரும்பிச் செல்ல இடமுண்டு. ஆழமற்ற கடலில் அது முடியாது. குவிந்து, எழும்பி, கரைமேல் ஏறிவிடும். தனுஷ்கோடி அவ்வாறே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1914இல் திறந்த பாம்பன் இரயில் பாலமும் சிதைந்தது. ஆனால் கப்பலுக்கு வழிவிடும் அதன் தூக்குப் பகுதி தப்பியது. பழுதுபார்த்த அப்பாலத்தில் 2022 வரை இரயில்கள் ஓடின. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. குடிநீருக்குப் பெண்கள் கடலோர மணலில் சிறு ஊற்றுத் தோண்டுகிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் தங்கியிருக்கிறது. கொஞ்சமாகத் தோண்டி, ஊறுவதை மெல்ல முகந்துகொள்ள வேண்டும். ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் வந்துவிடும்.