முன் சக்கரத்து ஒழுகலும் சட்டம் கேட்கும் சாதாரண கவனமும்

லாரியின் முன் டயரின் உட்பக்கத்தில் கறுப்பாகப் படிந்து கிடக்கும் கிரீஸைக் கண்டும், ‘பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்’ என்று சொல்லிவிட்டுச் சரக்கேற்றப் புறப்படுகிற வழக்கம் நம் நெடுஞ்சாலைகளில் சர்வ சாதாரணமாகிவிட்டது. ஒழுகுவது கிரீஸ்தானே, பிரேக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற சமாதானம் அந்தப் பேச்சின் அடியில் இருக்கிறது. அந்தச் சமாதானத்தை யந்திரமும் ஏற்பதில்லை, சட்டமும் ஏற்பதில்லை.

அபாயம் எங்கே?

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பட்டறை வாசல்களில் நிற்கிற சாதாரணச் சரக்கு லாரிகளின் முன் அச்சு, எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதில்லை. பாரத்தைத் தாங்குவதும் திரும்புவதற்கு இடங்கொடுப்பதுமே அதன் தொழில். அச்சின் முனையிலுள்ள ஸ்டப் ஆக்சிலின் மேல் இரண்டு டேப்பர் பேரிங்குகளைப் பற்றிக்கொண்டு ஹப் சுழல்கிறது. அந்தப் பேரிங்குகளுக்கு ஊட்டிய கிரீஸ் உட்புறமாக வெளியேறிவிடாதபடி, ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் ஒன்று காவல் நிற்கிறது. அந்தக் காவலுக்கு அப்பால் சில அங்குலத்திலேயே பிரேக் லைனிங்கும் டிரம்மும் இருப்பதால், சீல் தளர்ந்த மாத்திரத்தில் கிரீஸ் போய்ச் சேரும் இடம் உராய்வையே நம்பியிருக்கும் இடமாகிவிடுகிறது.

கிரீஸ் ஏறிய பக்கம் பிடிக்காமல், காய்ந்த பக்கம் மட்டும் பிடிக்கிறபோது, வண்டி காய்ந்த பக்கமாக இழுக்கிறது. சமதளத்தில் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இறுக்கிச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும் இந்த இழுப்பு, தொப்பூர்க் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில், முழுப் பாரத்தோடு, முன்னால் ஒரு பஸ் திடீரென்று நிற்கும் தருணத்தில் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கிரீஸ் வற்றிய பேரிங்கு சூடேறி இறுகிக்கொள்வதும், முற்றினால் சக்கரமே கழன்று ஓடுவதும் இதன் இரண்டாவது விபரீதம்.

பரிசோதனை

ஒழுகுவது எது என்று முதலில் நிர்ணயிக்க வேண்டும். பெரிய லாரிகளில் ஏர் பிரேக் இருப்பதால் பிரேக் ஆயில் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. ஆயில் பிரேக் உள்ள சிறு சரக்கு வண்டிகளில் வீல் சிலிண்டர் கசிந்தாலும் இதே இடம் நனையும் என்றாலும், பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், ஹப் கிரீஸ் தடித்துக் கறுத்திருக்கும்.

பின்னர், சமதரையில் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுக: ஆட்டம் மறைந்தால் குற்றம் பேரிங்கில், மறையாமல் நின்றால், ஸ்டப் ஆக்சிலை அச்சோடு இணைக்கும் கிங் பின்னில். இந்தச் சோதனை பிரதானமானது; ஏனெனில் பேரிங்கு ஆடுகிற வண்டியில் புதுச் சீலை மட்டும் மாட்டினால், அந்த ஆட்டமே சீலின் உதட்டைத் தேய்த்து மறுபடியும் ஒழுகவிடும்.

பரிகாரம்

ஹப்பைக் கழற்றியதும் பழைய சீலை எடுத்துவிட்டு, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளிலும் அவை ஓடும் கப்பிலும் குழியோ நீலம் பாய்ந்த தழும்போ உண்டா என்று பார்க்க வேண்டும். சீலின் உதடு உரசும் வளையத்தை நகத்தால் வருடிப் பார்த்து, நகம் தடுக்குமளவு பள்ளம் விழுந்திருந்தால், அந்த வளையத்தையும் மாற்றாமல் வேலை முடிந்ததென்று சொல்லலாகாது. புதுச் சீல் அந்த மாடலுக்குரிய நம்பர்தானா என்று ஒத்துப் பார்த்து, உதடு கிரீஸ் பக்கம் நோக்கும்படி வைத்து, சாய்ந்து இறங்காமல் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தயாரிப்பாளர் சொன்ன அளவு தளர்த்தி, பழைய ஸ்ப்ளிட் பின்னை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதே முறை.

சிக்கனம் என்ற பெயரில் விபத்துக்கு வித்திடும் இடம் லைனிங். கிரீஸ் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் துடைத்து மாட்டினால் மேற்பரப்பு மட்டுமே சுத்தமாகும். பிரேக் சூடேறியதும் உள்ளே ஊறியது வெளிவரும். ஆகவே அதை மாற்றத்தான் வேண்டும். அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டால் பிடிப்பு ஏறுமாறாகும் என்பதால், அச்சின் இரு பக்கமும் மாற்ற வேண்டும். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது, நுரையீரலுக்குச் செய்யும் தர்மம்.

பொறுப்பும் உரிமையும்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190 ஆம் பிரிவு, அபாயம் விளைவிக்கும் பழுதோடு பொது இடத்தில் வண்டி ஓட்டுவதை மட்டுமல்ல, ஓட்டச் செய்வதையும் ஓட்ட அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. பழுதை அறிந்திருந்தவர் மாத்திரமல்ல, சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் கண்டறிந்திருக்கக்கூடியவரும் குற்றவாளியே. அபராதம் 1,500 ரூபாய். அப்பழுதால் விபத்து நேர்ந்து காயமோ சொத்துச் சேதமோ உண்டானால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழ் கையிலிருக்கிறது என்பதும் இதற்குப் பதிலாகாது. சோதித்த அன்றைய நிலைக்கே அது சாட்சி. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனை இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இருப்பதால், தன் வண்டிக்கான நஷ்டஈடு கேட்கும்போது அந்தக் கேள்வியும் எழக்கூடும். ஆகையால், ஒழுகலைக் கண்ட டிரைவர், வாய்ப்பேச்சோடு நில்லாமல், புகைப்படத்துடன் முதலாளிக்குச் செய்தி அனுப்பி வைத்துக்கொள்வது தற்காப்பு. அதைப் பெற்றும் ‘லோடை இறக்கிவிட்டு வா’ என்கிற முதலாளி, ‘அனுமதித்தவர்’ என்ற வரையறைக்குள் தாமாகவே வந்துவிடுகிறார்.

பட்டறை வேலை மோசமாக இருந்தாலோ, போலிச் சீல் தலையில் கட்டப்பட்டாலோ, 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். வணிக நோக்கத்துக்காக வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் அச்சட்டம் பொருந்தாதெனினும், தன் ஜீவனத்துக்காகச் சுயதொழிலாக வண்டி ஓட்டுபவர் நுகர்வோரே. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணமில்லை. ஆனால், சீலின் நம்பர் எழுதிய பில்லும், கழற்றிய பழைய உதிரிகளும் கையில் இல்லாதவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரருக்கும் உரிமையுண்டு. ஒப்புக்கொண்ட வேலையை உரிய காலத்தில் முடித்தவர், கூலி கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைக்க 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170 ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே கூலியில் தகராறு என்றால், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பணத்தைக் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு, பிறகு வழக்காடுவதே விவேகம். இவ்வளவு வியாஜ்யத்துக்கும் முந்திய உபாயம், சாவியைத் திருகுமுன் குனிந்து இரு முன் சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பது. சட்டம் எதிர்பார்க்கிற சாதாரண கவனம் அதற்கு மேல் அதிகமில்லை.