டீச்சர்ஸ் டேக்கு 500 ரூபாய் அனுப்பறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



செப்டம்பர் 5 நெருங்கினா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துடும். "டியர் பேரன்ட்ஸ், டீச்சர்ஸ் டே கிஃப்ட்டுக்கு ஆளுக்கு 500 ரூபாய். நாளைக்குள்ள ஜிபே பண்ணிடுங்க." கூடவே பணம் அனுப்பினவங்க பேர்ப் பட்டியல். அதுல நம்ம பேர் மட்டும் இல்லைன்னா நல்லா இருக்காதேன்னு நாமும் அனுப்பிடறோம்.

போன வருஷம் ஒரு நண்பர் என்கிட்ட கேட்டார்: "நான் கொடுக்கலைன்னா டீச்சர் என் பொண்ணை கவனிக்காம விட்டுடுவாங்களா?" அவர் பொண்ணு எல்.கே.ஜி. படிக்கிறா. அந்த பயத்துல போற 500 ரூபாய்க்குப் பேர் நன்றி இல்லை. அப்போ நன்றியை எப்படித்தான் சொல்றது?

எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம். என் அம்மா ஒரு தனியார் பள்ளியில 19 வருஷம் டீச்சர். 2015-ல ஓய்வு பெற்றப்போ எங்க வீட்ல பரிசா வந்த சுவர்க் கடிகாரம் மட்டும் 11 இருந்தது. சொந்தக்காரங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் கொடுத்துத்தான் தீர்த்தோம். ஆனா அம்மா இன்னிக்கும் பீரோவில வெச்சிருக்கறது ஒரு கடிதம். நோட்டுல இருந்து கிழிச்ச ஒரு பக்கம். பேசும்போது திக்கற ஒரு பையனோட அப்பா எழுதினது. பையன் வகுப்புல எழுந்து நின்னு பாடம் வாசிச்சதை நாலு வரியில எழுதியிருந்தார்.

அதே ஓய்வு நாள்ல அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய இன்னொண்ணு வரலை. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல கிஃப்ட் கணக்கு

வகுப்புல 40 பேர், ஆளுக்கு 500 ரூபாய்னா 20,000. டீச்சர்ஸ் டே, தீபாவளி, ஆண்டு விழான்னு மூணு தடவை பணமா கொடுத்தா 60,000. குரு தெய்வத்துக்குச் சமம்தான். ஆனா வருமான வரிச் சட்டத்துல "உறவினர்" பட்டியல்ல டீச்சர் பேரன்ட்ஸுக்கு உறவினர் இல்லை. உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல வாங்கின பணம் 50,000-ஐத் தாண்டினா, தாண்டின 10,000 மட்டும் இல்லை, முழு 60,000-மும் வருமானமா சேரும். மொத்த வருமானம் குறைவா இருந்தா வரி கட்ட வேண்டியது வராம போகலாம், ஆனா கணக்குல காட்டியாகணும். தங்க நாணயத்துக்கும் தனியா இதே மாதிரி 50,000 வரம்பு உண்டு.

அரசுப் பள்ளின்னா இன்னும் கவனம் தேவை. அங்கே டீச்சர் அரசு ஊழியர். பரிசு வாங்கறதுக்கு நடத்தை விதிகள் இருக்கு. ஆசையா நாம கொடுத்த விலை உயர்ந்த பொருளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது அவங்கதான்.

அப்போ என்னதான் செய்யலாம்?

1. எழுத்துல நன்றி சொல்லுங்க, ஒரு காப்பி பிரின்சிபாலுக்கு. நமக்குக் கோபம் வந்தா உடனே மெயில் போடறோம். சந்தோஷம் வந்தா கேட்ல நின்னு "தேங்க்ஸ் மிஸ்" சொல்லிட்டுப் போயிடறோம். விளைவு என்ன? டீச்சரோட ஃபைல்ல புகார் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான தனியார் பள்ளிகள்ல இன்க்ரிமென்ட்டை முடிவு பண்றது நிர்வாகம். நம்ம ஆபீஸ் அப்ரைசல்ல கிளையன்ட் அனுப்பின ஒரு பாராட்டு மெயிலுக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்கே தெரியும். டீச்சருக்கும் அப்படித்தான்.

"நீங்க ரொம்ப நல்ல டீச்சர்"னு மட்டும் எழுதாதீங்க. என்ன நடந்ததோ அதை எழுதுங்க. "ஜூன்ல கழித்தல் கணக்குன்னாலே அழுவான். நீங்க புளியங்கொட்டையை வெச்சுச் சொல்லிக் கொடுத்த பிறகு வீட்ல அவனே கணக்கு போடறான்." இவ்வளவு போதும். செலவு பூஜ்ஜியம்.

2. ஃபீஸை நாள் தவறாம கட்டுங்க. அரசு உதவி இல்லாத பள்ளியில டீச்சர் சம்பளம் நாம கட்டற ஃபீஸ்ல இருந்துதான் போகுது. வருஷ ஃபீஸ் 48,000-ன்னா மாசம் 4,000 ஆர்.டி. போட்டு வைங்க. ஜூன் மாசம் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம்.

3. நேரத்தைக் கொடுங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நேரத்துக்குப் போங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு "மிஸ், நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?"னு மெசேஜ் போடாதீங்க. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். டீச்சருக்கு நாற்காலி வேணும், கழிப்பறைக்குத் தண்ணி வேணும்னு நீங்க அங்கே கேட்டா அதுவும் மரியாதைதான்.

4. வசூல் பண்ணியே ஆகணும்னா மூணு விதி. ஆளுக்கு 50 அல்லது 100 ரூபாய்க்கு மேல வேண்டாம். யார் கொடுத்தாங்கன்னு பட்டியல் போட வேண்டாம். வாங்கின பிறகு பில்லை குரூப்ல போடுங்க. அதுக்கு முன்னாடி பள்ளி அனுமதிக்குமான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. சில பள்ளிகள்ல பரிசுக்கே தடை இருக்கு.

5. உங்களுக்குத் தெரிஞ்சதை அவங்களுக்கும் சொல்லுங்க. அம்மாவுக்கு வராம போனதுன்னு சொன்னேனே, அது கிராஜுவிட்டி.

1972-ல வந்த கிராஜுவிட்டி சட்டம் டீச்சர்களுக்குப் பொருந்தாதுன்னு 2004-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே டீச்சர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் வழக்கு போட்டாங்க. 2022 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும்னு தீர்ப்பு சொன்னது.

அம்மா வேலை பார்த்த ஸ்டாஃப் ரூம்ல "நமக்கெல்லாம் அது கிடையாது"ன்னே எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. சி.ஏ. படிச்ச நானும் 2015-ல கேட்கலை. தீர்ப்பு வந்த பிறகுதான் உறைச்சது. கடைசி அடிப்படைச் சம்பளம் 13,000. கணக்கு இதுதான்: 13,000 × 15 ÷ 26 × 19 வருஷம் = 1,42,500 ரூபாய். பள்ளிக்கு மனு எழுதி, பல மாசம் அலைஞ்சு வாங்கினோம். 11 கடிகாரம் கொடுத்த அத்தனை பேரன்ட்ஸ்ல ஒருத்தர், "மிஸ், உங்களுக்கு கிராஜுவிட்டி உண்டே"ன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?

நீங்க ஆபீஸ்ல பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பேசறவங்க. உங்க குழந்தையோட டீச்சருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாம இருக்கலாம். அஞ்சு வருஷம் முடிச்ச டீச்சர் யாராவது வேலையை விடறாங்கன்னு தெரிஞ்சா, தனியா, சங்கடப்படுத்தாம இதைச் சொல்லுங்க. முடிஞ்சா மனு எழுதவும் உதவுங்க.

இந்த செப்டம்பர் 5-க்கு குரூப்ல பணம் அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி அந்த நாலு வரியை எழுதிடுங்க. என்ன எழுதினீங்கன்னு கமெண்ட்லயும் சொல்லுங்க.