டீ கிளாஸில் தொடங்கும் பாடம்

கனவடிவங்களை வரையப் பழகும் பிள்ளைகளுக்கும், பிளான் பார்த்து வேலை செய்யும் தொழிலாளருக்கும்

ஸ்ரீ விஜயபுரம்: அபர்தீன் பஜாரில் மாலை வேளை. டீக்கடைப் பலகையின் மேல் ஆவி பறக்கும் ஒரு கண்ணாடிக் கிளாஸ். அதைப் பார்த்துத் தாளில் அப்படியே வரைந்து காட்டுங்கள் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். படித்தவரானாலும் படிக்காதவரானாலும் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் வரைவார்கள். வாய்க்கு ஒரு நீள்வட்டம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோடுகள், அடியில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு நேர்கோடு.

அந்த அடிக்கோடுதான் தவறு. கிளாஸின் வாய் வட்டம் என்றால் அடியும் வட்டம்தானே? வாய் நீள்வட்டமாகத் தெரிகையில் அடி மட்டும் எப்படி நேர்கோடாகும்? கிளாஸ் தட்டையான பலகையில் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. கண் கண்டதை அது கேட்பதே இல்லை.

தட்டையான தாளில் கனமான பொருளைக் காட்டும் வித்தை முழுவதும் இந்த ஒரு தவறைத் திருத்துவதில் தொடங்குகிறது. இதற்குப் பிறவித் திறமை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. முறையான பயிற்சியும், தவறைச் சுட்டிக்காட்ட ஒரு ஆளும் இருந்தால் போதும்.

யாருக்கு வேண்டும் இந்த வித்தை?

2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் நம்மவர்களின் பிழைப்பு மாறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 3,80,000 பேர். அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். கட்டட வேலை, ஒர்க்ஷாப், கடை, அலுவலகம் என்று பல இடங்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களின் பிள்ளைகள் பலர் டாலிகஞ்ச் ஐ.டி.ஐ.யையும், பஹார்காவில் உள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியையும் நம்பி இருக்கிறார்கள். ஃபிட்டர் படித்தாலும், சிவில் படித்தாலும், டிராஃப்ட்ஸ்மேன் படித்தாலும் எஞ்சினியரிங் டிராயிங் என்ற பாடத்திலிருந்து தப்ப முடியாது. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் பையனும் இந்தப் பாடத்தில் திணறுவதுண்டு. அவனுக்கு அறிவு குறைவு என்று பொருளல்ல. மூன்று பக்கமும் உள்ள பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்க அவனை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

தேர்வோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இங்கே சிமென்டும் கம்பியும் கடல் தாண்டிக் கப்பலில் வர வேண்டும். பிளானைத் தப்பாகப் புரிந்துகொண்டு போட்ட காங்கிரீட்டை உடைத்தால், மறுபடி சரக்கு வரும்வரை வேலை நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தையும் சுனாமியையும் இந்தத் தீவுகள் மறக்கவில்லை. பூகம்ப அபாயம் மிகுந்த இடங்களில் தூண் கம்பியைச் சுற்றிப் போடும் ரிங்கின் இரண்டு முனைகளையும் உள்பக்கமாக 135 டிகிரிக்கு மடக்க வேண்டும் என்பது விதி. வெறும் 90 டிகிரியில் மடக்கினால், கட்டடம் குலுங்கும்போது ரிங் விரிந்து கொடுத்துவிடும். இந்த மடக்கு பிளானின் ஒரு மூலையில், தூணைக் குறுக்கே வெட்டிக் காட்டும் சிறு படத்தில்தான் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தூண் கண்முன் எழுந்து நிற்கிறதா, அல்லது வெறும் கட்டமும் புள்ளிகளுமாகத் தெரிகிறதா? கூலியாளுக்கும் மேஸ்திரிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். வீட்டில் தூங்கும் குடும்பத்தின் உயிரும் அங்கேதான்.

பழைய வித்தை

இது நேற்று வந்த கலையல்ல. தூரம் போகப்போகக் கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தெரியும் என்ற கணக்கை இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து புரூனெல்லெஸ்கி 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து காட்டினார். ஒரு பொருளை முன்தோற்றம், மேல்தோற்றம் என்று பிரித்து வரையும் முறையை 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் காஸ்பார் மோன்ஜ் ஒழுங்குபடுத்தினார். கோட்டை கட்ட உதவியதால் அதைப் பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். இன்று ஐ.டி.ஐ. பையன் முணுமுணுத்துக்கொண்டே போடும் படம் ஒரு காலத்தில் ராஜாங்க ரகசியம்!

சென்னையில் 1850-லேயே டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். எழும்பூர் அருகே அது இன்றும் அரசு கவின்கலைக் கல்லூரியாக நடக்கிறது. தமிழ்நாட்டில் டிராயிங் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களுக்கு ‘மாடல் டிராயிங்’ தாள் நினைவிருக்கும். பெட்டி, உருளை, கூம்பு போன்ற மர உருவங்களை மேஜை மேல் அடுக்கிவைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவதை அப்படியே வரைய வேண்டும். சொல்லிக் கொடுக்கும் முறை இன்றும் அதுதான்.

கடல் சொல்லித் தரும் பாடம்

இந்த வித்தையில் முதலில் பிடிபட வேண்டியது கண்மட்டம். பெரிய நகரங்களில் கட்டடங்கள் அடிவானத்தை மறைத்துவிடும். தீவில் இருப்பவர்களுக்கு அந்தக் குறை இல்லை. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் நின்று பாருங்கள். கடலும் வானமும் சேரும் கோடு உங்கள் கண் உயரத்துக்குச் சரியாக இருக்கும். மணலில் உட்கார்ந்தால் அந்தக் கோடும் உங்களோடு இறங்கும். மேட்டில் ஏறினால் அதுவும் ஏறும்.

அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பொருளின் மேல்பக்கம் நமக்குத் தெரியும். மேலே உள்ள பொருளின் அடிப்பக்கம் தெரியும். டீ கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினால் அதன் வாய் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். மெல்லக் கீழே இறக்கினால் கோடு விரிந்து நீள்வட்டமாகும். இறக்க இறக்க இன்னும் அகலமாகும். ஆகவே பலகை மேல் உள்ள கிளாஸில் வாயைவிட அடி சற்று அகன்ற வளைவாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் குடம், வாளி, தண்ணீர்த் தொட்டி, தூண் எல்லாமே பிடிபடும்.

பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு கையில் இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். மவுண்ட் ஹாரியட் மலையிலிருந்து தெரியும் நார்த் பே காட்சிதான் அது. கிட்டத்தில் உள்ள மரங்கள் பெரிதாக, தெளிவாக இருக்கின்றன. தூரத்துக் கரை சிறுத்துக் கிடக்கிறது. உள்ளங்கை அளவுத் தாளில் மைல் கணக்கான தூரம் அடங்கிவிட்டது.

பயிற்சிகள் ஐந்து

முதல் பயிற்சி, கோடும் நீள்வட்டமும். ஸ்கேல் இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க நேர்கோடுகள், இன்னொரு பக்கம் முழுக்க நீள்வட்டங்கள். விரலை மட்டும் அசைக்காமல் முழங்கையோடு கையை வீச வேண்டும். நீள்வட்டத்தின் இரு ஓரமும் மீன் வாய்போல் கூர்மையாகிவிடக் கூடாது. அங்கும் வளைவு இருக்க வேண்டும்.

இரண்டாவது, தீப்பெட்டி. கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளோடு மறைந்திருக்கும் விளிம்புகளையும் லேசாகப் போட வேண்டும், கண்ணாடியால் செய்த பெட்டிபோல. பின்பக்கத்து மூலை எங்கே விழுகிறது என்று பார்த்தாலே பெட்டி கோணலா நேரா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, மரக்கட்டை. 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலையின் பெயர் தெரியாதவர் இங்கே இல்லை. உருண்டை மரம் அறுப்புக்குப் போய்ச் சதுரக் கட்டையாகவும் பலகையாகவும் வெளிவருகிறது. ஓவியம் பழகுபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதலில் ஓர் உருளை வரையுங்கள். அதன் வெட்டுமுகத்தில் ஒரு சதுரம் போடுங்கள். சதுரத்தின் மூலைகளிலிருந்து மரத்தின் நீளத்துக்குக் கோடுகளை இழுங்கள். உருளைக்குள் ஒளிந்திருந்த கட்டை வெளியே வந்துவிடும்.

நான்காவது, நிக்கோபார் வீடு. கார் நிக்கோபாரின் பாரம்பரிய வீடு தூண்கள் மேல் கவிழ்த்துவைத்த அரைக்கோளம் போன்றது. தூண்கள் உருளைகள். வீட்டின் அடி வட்டம் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் வளைவு எந்தப் பக்கம் போகும்? இதற்குத் தானாகவே விடை கண்டவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

ஐந்தாவது, செல்லுலார் ஜெயில். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட இந்தச் சிறையில் நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் ஏழு கிளைகள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகம் பார்க்கக் கூடாது என்பதே திட்டம். இன்று மூன்று கிளைகளே மிச்சம். வராந்தாவின் ஒரு முனையில் நின்று, மறு முனையில் ஒரு புள்ளியை நோக்கி ஓடும் தரைக்கோட்டையும் கூரைக்கோட்டையும் வரைவது ஒரு பயிற்சி. இருக்கும் மூன்று கிளைகளை வைத்து இல்லாத நான்கையும் மனத்தால் எழுப்பி மேலிருந்து வரைவது இன்னும் கடினமான பயிற்சி. அதை முடிப்பவருக்கு ஓவியத்தோடு சரித்திரமும் புரியும்.

மேல்தோற்றம் ஏன் கீழே வருகிறது?

எஞ்சினியரிங் டிராயிங் வகுப்பில் பிள்ளைகளைக் குழப்பும் கேள்வி இது. நம் நாட்டு முறையில் முன்தோற்றம் மேலேயும், மேல்தோற்றம் அதற்குக் கீழேயும் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பாதி திறந்து, ஒரு அட்டை சுவராகவும் மறு அட்டை தரையாகவும் நிற்கும்படி வையுங்கள். நடுவில் தீப்பெட்டியைப் பிடியுங்கள். முன்னாலிருந்து பார்த்த உருவம் பின்னால் உள்ள சுவரில் விழும். மேலிருந்து பார்த்த உருவம் தரையில் விழும். இப்போது தரை அட்டையைக் கீழே சாய்த்து நோட்டை முழுக்கத் திறந்துவிடுங்கள். மேல்தோற்றம் தானாகவே கீழே வந்துவிட்டது அல்லவா?

வெட்டுத்தோற்றம் பிடிபடாதவருக்குச் சோப்புக் கட்டியும் மரவள்ளிக்கிழங்கும் போதும். கூம்பாகச் செதுக்கிச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் நீள்வட்டமாக நிற்கும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காதது கத்தியின் ஒரு வெட்டில் விளங்கும்.

சிவப்புப் பென்சிலின் அருமை

பயிற்சி மட்டும் போதாது. தவறாகவே நூறு கிளாஸ் வரைந்தால் தவறுதான் கைக்குப் பழகும். திருத்துவதற்கு ஒருவர் வேண்டும்.

நல்ல ஆசிரியர் மாணவனின் படத்தின் மேல் தம் கைவண்ணத்தைக் காட்டமாட்டார். ஓரத்தில் சிறிதாக வரைந்து காட்டுவார். ஒரு தடவைக்கு ஒரு தவறை மட்டும் சொல்வார். “நன்றாயில்லை” என்ற சொல்லால் பயன் ஏதுமில்லை. “இந்த விளிம்பு அந்த விளிம்போடு சேரும் திசையில் போகவில்லை” என்றால் பையன் மறுநாளே திருத்திக்கொள்வான். கேட்டவரும் முகம் சுளிக்காமல், ரப்பரைத் தேடாமல், பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட வேண்டும். பழைய தவறு அருகில் இருந்தால்தான் புதியது எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரியும்.

ஆசிரியர் கிடைக்காத சிறு தீவுகளில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் பளிச்சென்று தெரியும். பெட்டியின் விளிம்புகள் மேல் நூலை நீட்டிப் பிடித்து, அவை ஒரே புள்ளிக்குப் போகின்றனவா என்று சோதியுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை முழுக்க நீட்டி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் முதல் தாளை எடுத்துப் பார்த்தால், வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே வரைகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், டிராஃப்ட்ஸ்மேன் படிப்பிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், எங்கே வெட்டிக் காட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் மனிதர்தான். அதோடு, வேலை நடக்கும் இடத்தில் ஒரு சந்தேகம் வந்தால், சிமென்ட் சாக்கின் பின்பக்கத்தில் நாலு கோடு போட்டுக் காட்டுகிறவர் சொல்லைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

வேலை முடிந்து டீ குடிக்க உட்காரும் கால் மணி நேரம் போதும். ஒரு பென்சில், பழைய பில்லின் பின்பக்கம், எதிரே அந்தக் கிளாஸ். அடியை மட்டும் நேர்கோடாகப் போட்டுவிடாதீர்கள்.