போதகரின் நாட்குறிப்பும் சாட்சிதான்

வாசுதேவநல்லூர் தனித் தொகுதி. இங்கே காலனியில் பிறந்து, அதே தெருவில் குடியிருந்து, அதே கூலி வேலைக்குப் போகிற ஒருவர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் இந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்க முடியாது. சாதிச் சான்றிதழில் அவர் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறார். ஊர் அவரைப் பார்க்கிற பார்வை மாறவில்லை. காகிதம் மட்டும் மாறிவிட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி செய்த வேலை இது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு, கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்தவர் சூசை, ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தொழிலாளருக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார், 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது தீர்ப்பு.

ஆதாரமா இல்லை? தனிக் கல்லறைத் தோட்டத்தில் நின்று அடக்க ஆராதனை நடத்தும் போதகருக்குத் தெரியாததா? ஞானஸ்நானப் பதிவேடு எழுதுகிறோம், காணிக்கைக் கணக்கு எழுதுகிறோம். கண்ட அவமானத்தை மட்டும் எழுதுவதில்லை.

மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி, நாட்குறிப்பு எழுதி அதை அச்சிட்டும் வந்தவர். அடிமை வணிகம் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக் கொதித்ததை 1772 பிப்ரவரியில் அதில் குறித்தார். 1774இல் அடிமைமுறையைக் கண்டித்துத் தனி நூலே வெளியிட்டார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். ஆகவே இது நம் சபைகளுக்கும் வந்த சொத்து.

தலித் இறையியலின் முன்னோடி அரவிந்த் நிர்மல், காலடித் தடம் அழிய இடுப்பில் மரக்கிளை கட்டப்பட்டு நடந்த தம் முன்னோரிலிருந்து பேசினார். நமக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி 1992இல் ‘கருக்கு’ தந்தார். மடத்துக்குள் சாதி ஏது என்று அதன்பின் யார் வாய் திறக்க முடியும்?

2022இல் ஒன்றிய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் முன்னால் இருப்பதும் சூசையின் அதே கேள்விதான்.

இறையியல் படிக்கும் தம்பி, தங்கைகளே, எழுதினால் இடமாற்றம் வரும் என்ற பயம் நமக்கும் புரிகிறது. இன்றே வெளியிட வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி போடுங்கள். எந்த ஊர், எந்த ஆலயம், யார் எங்கே உட்கார்ந்தார்கள், பிணம் எந்த வழியாகப் போனது என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவையுங்கள். சூசையின் வழக்குக் கட்டில் இல்லாமல் போன தாள் அதுதான்.