மேலை வாசல் இருக்கிறதா?

கதைச் சிக்கலிலிருந்து தப்பும் வழி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிறது திருவிடைமருதூர். அங்கே மகாலிங்கசுவாமி ஆலயத்தின் கீழை வாசலில் ஓர் உருவம் காத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் பிரம்மஹத்தி!

குதிரையில் வந்த வரகுண பாண்டியன், வழியில் கிடந்த அந்தணர் ஒருவரை அறியாமல் மிதித்துக் கொன்றுவிட்டான் என்கிறது தல வரலாறு. பிரம்மஹத்தி அவனைப் பற்றிக்கொண்டது. மன்னன் இத்தலத்துக்கு ஓடிவந்து ஆலயத்துக்குள் நுழைந்தான். பிரம்மஹத்தியால் உள்ளே வர முடியவில்லை. "திரும்பி வரட்டும், பிடித்துக்கொள்வோம்" என்று வாசலிலேயே நின்றுவிட்டது. மன்னனோ இறைவன் ஆணைப்படி மேலை வாசல் வழியே வெளியேறிவிட்டான்!

சினிமாக் கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டோ?

நடுக்கதையில் முட்டுக்கட்டை

கதாநாயகனைப் பெரிய ஆபத்தில் மாட்டிவிடுவது எளிது. மீட்பதுதான் பாடு. பல கதாசிரியர்கள் பாதிக் கதையில் பேனாவை வைத்துவிட்டு விழிப்பது இங்கேதான். உடனே சுவரை இடிக்கத் தோன்றும். வில்லனைப் பாம்பு கடிக்கும்; லாரி மோதும்; லாட்டரியில் லட்சம் விழும். கொட்டகையில் இருப்பவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தால் அந்தப் படம் என்ன ஆகும்?

வேதாளம் போட்ட முடிச்சு

இதே தஞ்சைச் சீமையில் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்தவர் கே. பாலசந்தர். 1975-ல் அவர் எடுத்த 'அபூர்வ ராகங்கள்' ஒரு பொல்லாத சிக்கல். தன்னைவிட மூத்தவளான பாடகி பைரவியை இளைஞன் பிரசன்னா விரும்புகிறான். பைரவியின் மகளோ பிரசன்னாவின் தகப்பனை விரும்புகிறாள்! இரண்டு திருமணமும் நடந்தால் யாருக்கு யார் என்ன உறவு? இதே போன்ற புதிரை வேதாளம் கேட்டபோது விக்கிரமாதித்தனே வாயடைத்துப் போனான்.

பாலசந்தர் புதிருக்கு விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கீழை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார். பைரவியை விட்டுப் போன பாண்டியன், நோயாளியாகக் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வந்து நிற்கிறான். ரஜினிகாந்த் திரையில் முதன்முதலாகத் தோன்றியது இந்த வேஷத்தில்தான். பாண்டியன் இறக்கிறான், தாயும் மகளும் ஒன்று சேருகிறார்கள், மகன் தகப்பனிடம் திரும்புகிறான். திருமணங்களே இல்லை, பிறகு புதிர் ஏது?

இது சுவரை இடித்த கதை அல்லவா என்று கேட்கலாம். அல்ல. மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றால், அவளைப் பெற்றவன் எங்கோ இருக்கத்தானே வேண்டும்? அந்த வாசல் முதலிலிருந்தே இருந்தது. நாம்தான் பார்க்கவில்லை.

டாக்டரின் சோதனை

1962-ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படமும் அப்படித்தான். முன்பு காதலித்தவளின் கணவனே நோயாளியாக வருகிறான். அவன் இறந்தால் டாக்டர் மீது பழி. பிழைத்தால் அவள் என்றும் கிடைக்க மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. டாக்டர் தன் கடமை என்ற வாசலைத் தேர்ந்துகொள்கிறார். நோயாளி பிழைக்கிறான், டாக்டர் மாண்டுபோகிறார். இந்த மரணத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அழுதார்கள். பாத்திரத்தின் குணத்திலேயே அந்த வழி இருந்ததுதான் காரணம்.

திரும்பிப் பாருங்கள்

ஆகவே, கதை நின்றுபோனால் முன்னே பார்த்துப் பயனில்லை. எழுதிய பக்கங்களைத் திரும்பப் படிக்க வேண்டும். யாரை மறந்தோம், எந்த வார்த்தையை அரைகுறையாக விட்டோம், எந்தக் குணத்தைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தாமல் போனோம் என்று தேட வேண்டும். அங்கேதான் கதவு இருக்கும். தேடியும் அகப்படவில்லையானால் முதல் காட்சிக்கே போய் ஒரு வாசல் வைத்துக் கட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

வரகுணன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஆலயத்தைக் கட்டியவர்கள் மேலை வாசலையும் வைத்தே கட்டியிருந்தார்கள்!