குட்டை வற்றும் அவசரம்

புரட்டாசி கடைசியிலோ ஐப்பசி முதலிலோ நல்ல மழை ஒன்று இறங்கிவிட்டால், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் அன்று ராத்திரி தூக்கம் கெடும். அதுவரை நிலவெடிப்புக்குள்ளும் வரப்பு மண்ணுக்கு அடியிலும் கிடந்த தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து கத்தத் தொடங்கும். ஏரிக்குத் தண்ணீர் வரும்வரை அவை காத்திருப்பதில்லை. பருத்திக் காட்டின் தாழ்ந்த மூலை, டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம், மண் அள்ளிய குழி என்று நீர் தேங்கிய இடத்திலெல்லாம் முட்டை வைத்துவிடும். நாலைந்து நாளில் அந்தக் கலங்கல் நீர் முழுக்கத் தலைப்பிரட்டைகள்.

பிறகுதான் சிக்கல். அடுத்த மழை தள்ளிப்போய் வெயில் அடித்தால் குட்டை சுருங்கும். உள்ளே இருப்பவற்றுக்குக் காலும் இல்லை, நுரையீரலும் முழுதாக வளர்ந்திருக்காது. இந்த நெருக்கடியைத் தலைப்பிரட்டை எப்படிச் சமாளிக்கிறது என்று தார்வாட் நகரின் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சந்தோஷ் மொகலி, ஸ்ரீநிவாஸ் சைதாபூர், பாக்யஸ்ரீ ஷான்பாக் ஆகியோர் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்பீரோதீகா பிரெவிசெப்ஸ். பின்னங்கால் குதிகாலில் மண்வெட்டி போன்ற புடைப்பு கொண்டு, பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிவிடும் உருண்டைத் தவளை அது. தென்னிந்தியச் சமவெளி முழுக்க உண்டு. ஆய்வகத் தொட்டிகளில் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோது, நீர் குறையாத தொட்டியில் இருந்தவற்றைவிட இவை முன்னதாகவே உருமாறிக் கரையேறின. 2011-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் அது வெளிவந்தது.

தண்ணீர் குறைகிறது என்ற செய்தி காலாக முளைப்பது எப்படி? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டென்வர் 1990-களில் இதைத் துருவினார். நெருக்கடி வந்தால் மனித மூளை எந்த மூலக்கூறைச் சுரந்து உடம்பை உஷார்ப்படுத்துகிறதோ, தலைப்பிரட்டையின் மூளையும் அதையேதான் சுரக்கிறது. ஆனால் தலைப்பிரட்டையில் அந்த மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பக்கம் தைராய்டைத் தட்டி எழுப்புகிறது. வாலைக் கரைத்துக் காலை வளர்ப்பது தைராய்டு ஹார்மோன்தான். இன்னொரு பக்கம், சிறுநீரகத்தோடு ஒட்டியிருக்கும் சுரப்பித் திசுவிலிருந்து கார்டிகோஸ்டீரோனை வரவழைக்கிறது. நமக்குக் கார்டிசால் எப்படியோ, தவளைக்கு அது அப்படி. இரண்டும் சேர்ந்தால் உருமாற்றம் ஓட்டம் பிடிக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அதை உடம்பின் பாதுகாப்புப் படை கொடுக்கிறது.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ரோலின்ஸ்-ஸ்மித், ஆப்பிரிக்க நகத்தவளையை வைத்துப் பல ஆண்டுகள் இதைப் பற்றி வேலை செய்தவர். தலைப்பிரட்டைக்கும் நம்மைப் போலவே தைமஸ் உண்டு, மண்ணீரல் உண்டு, அவற்றில் கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் லிம்போசைட் வெள்ளணுக்கள் உண்டு. உருமாற்றத்தின் உச்சத்தில் கார்டிகோஸ்டீரோன் ஏறும்போது அந்த அணுக்களில் பெரும்பகுதி செத்துப்போகிறது. ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்தச் சாவு தடைபட்டது. ஆக, கொல்வது ஹார்மோனேதான்.

முதலில் கேட்கும்போது இது கோளாறு மாதிரி தெரியும். ஆனால் யோசித்தால் வேறு வழியில்லை என்று புரியும். தலைப்பிரட்டையின் வெள்ளணுக்கள் தலைப்பிரட்டையின் உடம்பைத்தான் ‘நம்முடையது’ என்று படித்து வைத்திருக்கின்றன. உருமாற்றத்தின்போது தோல் மாறுகிறது, குடல் மாறுகிறது, ரத்தத்தின் ஹீமோகுளோபின்கூட வேறு வகையாகிவிடுகிறது. பழைய காவலர்களை அப்படியே விட்டால், புது உடம்பை அந்நியன் என்று நினைத்துத் தாக்கத் தொடங்குவார்கள். அதனால் அவர்களைக் கழித்துவிட்டுப் புதியவர்களைத் தயார் செய்கிறது உடம்பு. அந்த இடைவெளியில், வால் இன்னும் முழுதாகக் கரையாத, விரல்நகம் அளவுத் தவளைக்குட்டி அரைகுறைப் பாதுகாப்போடு கரையில் உட்கார்ந்திருக்கிறது. குட்டை வற்றி அவசரமாகக் கரையேறியதென்றால் உருவிலும் அது சிறுத்திருப்பதே வழக்கம்.

அந்த வாரங்களில் குன்னம் பக்கத்துக் காடுகளில் என்ன நடக்கிறது? பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பேர்போனது. மானாவாரியில் இரண்டையும் இந்த மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். மக்காச்சோளம் ஊன்றிய சில நாளிலேயே, களை முளைக்கும் முன்பு, அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிப்பது வழக்கம். வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிப் பரிந்துரையிலும் அது இருக்கிறது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து சோளக் குருத்தைத் தின்னத் தொடங்கியதிலிருந்து பூச்சிமருந்தும் கூடிவிட்டது. பருத்திக்கு மருந்தடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, தவளைக்குட்டிக்கு வெள்ளணு குறைந்திருக்கும் காலமும், தெளிப்பான் முதுகில் ஏறும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

அட்ரசினும் தவளையும் என்றால் எல்லோரும் கலிபோர்னியாவின் டைரோன் ஹேஸைத்தான் சொல்வார்கள். நூறு கோடியில் 0.1 பங்கு அட்ரசின் கலந்த நீரில் வளர்ந்த ஆண் நகத்தவளைகளின் இனப்பெருக்க உறுப்புகள் குழம்பிப்போனதாக 2002-ல் எழுதியவர் அவர். மருந்தைத் தயாரித்த நிறுவனத்துடன் அவருக்கு நடந்த மோதலே தனிக் கதை. அதைவிட இங்கே பொருத்தமானது, அதே 2002-ல் பென்சில்வேனியாவில் ஜோசப் கீஸெக்கர் செய்த வேலை. அங்கே சில குளங்களில் கூடுதல் காலோடும் காலில்லாமலும் தவளைகள் பிறந்துகொண்டிருந்தன. வயல் நீர் வடியும் குளங்களில் அது அதிகம். மருந்துதான் காலைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கீஸெக்கர் அந்தக் குளங்களுக்குள்ளேயே இரண்டு வகை வலைக்கூண்டுகளை இறக்கினார். ஒன்றின் கண்ணி பெரியது. நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சு அதில் நுழையும். மற்றதன் கண்ணி நுண்ணியது. மருந்து கலந்த நீர் வரும், புழு வராது. நுண்கண்ணிக் கூண்டில் வளர்ந்தவற்றுக்குக் கால் கோணவில்லை. புழு நுழைந்த கூண்டில் கோணியது. வயல் நீர் வடியும் குளத்தில் இன்னும் அதிகமாகக் கோணியது.

அப்படியானால் மருந்து என்ன செய்தது? ஆய்வகத்தில் அட்ரசின், மாலத்தியான், எஸ்ஃபென்வலரேட் ஆகியவற்றில் தலைப்பிரட்டைகளை வைத்துப் பார்த்தார். ஒட்டுண்ணிப் புழுவோடு மல்லுக்கு நிற்கும் இயோசினோபில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. உடம்புக்குள் குடியேறிய புழுக்கள் கூடியிருந்தன. மருந்து காவலைத் தளர்த்தியது; புழு உள்ளே போய் முளைக்கும் காலைக் கெடுத்தது. மாலத்தியான் நம்மூர் ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பெயர். அட்ரசினுக்கான அனுமதியை 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் விலக்கிக்கொண்டது. இந்திய அரசு 2020 மே மாதம் தடை செய்யலாமென்று வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் இரண்டு பெயர்களுமே இருந்தன.

கரையேறித் தப்பிய குட்டி பெரிதானதும் கவலை விட்டது என்று இல்லை. ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பார்கள். பாம்பு வருவது ஒரு கேடு; இன்னொன்று உள்ளே நடக்கிறது. இரவு முழுக்கக் கத்துவது ஆண் தவளைக்கு மிகப் பெரிய உடலுழைப்பு. அதற்கு டெஸ்டோஸ்டீரோன் வேண்டும், சேமித்த கொழுப்பை உருக்கித் தர கார்டிகோஸ்டீரோனும் வேண்டும். புனேயில் நரஹரி கிராமபுரோஹித்தின் குழு, மேற்குத் தொடர்ச்சி மலையின் இரவுத் தவளையில் கத்தலுக்கும் இந்த ஹார்மோன்களுக்குமான கணக்கைப் பார்த்திருக்கிறது. இந்தச் செலவு சில நாள் மட்டும் என்றால் உடம்பு தாங்கும். கார்டிகோஸ்டீரோன் அளவு இறங்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை பிரேசிலின் சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோமஸின் ஆய்வகம் சொறித்தவளைகளிடம் காட்டியிருக்கிறது. பிடித்து ஈரத் துணிப்பைக்குள் அசைய முடியாமல் வைத்தார்கள். கார்டிகோஸ்டீரோன் ஏறியது, டெஸ்டோஸ்டீரோன் இறங்கியது, அவற்றின் ரத்தநீரோடு பாக்டீரியாவைக் கலந்தபோது கொல்லும் திறனும் குறைந்திருந்தது. அசாம் போன்ற இடங்களில் மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். பிடித்து, மஞ்சள் பூசி, மேளம் தட்டி, ஊர்வலம் விடுவது அந்த மாப்பிள்ளைக்கு ஏறக்குறைய இதே பரிசோதனைதான்!

ரத்தத்தில் இதைப் பார்க்கப் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை மெல்லிதாக இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் நூறு வெள்ளணுக்களை எண்ணினால் போதும். உருண்டைக் கருவோடு இருப்பது லிம்போசைட்; பல துண்டாகப் பிளந்த கருவோடு இருப்பது நியூட்ரோபில். நெருக்கடி நீடித்த தவளையில் முதல் வகை குறைந்து இரண்டாம் வகை ஏறியிருக்கும்.

நெருக்கடி என்றாலே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. திடீர் பயத்தில் சுரக்கும் நார்அட்ரினலின், தவளைத் தோலின் சுரப்பிகளைப் பிழிந்து கிருமிக்கொல்லிப் புரதத் துணுக்குகளை வெளியே தள்ளுகிறது. அறுவை செய்த நகத்தவளைகள் அழுக்கு நீரில் நீந்தியும் அவற்றின் புண் சீழ் பிடிக்காததைக் கவனித்து, மைக்கேல் ஸாஸ்லாஃப் 1987-ல் கண்டுபிடித்த மகாயினின் இந்த வகைதான். 2017-ல் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் தோல் சுரப்பில் சில வகை ஃப்ளூ வைரஸ்களை அழிக்கும் துணுக்கைப் பிரித்தெடுத்தன. களரியின் வளையும் வாளான உருமியை வைத்து உருமின் என்று பெயரிட்டார்கள். ஒரு நொடி அதிர்ச்சி கவசத்தைப் போர்த்துகிறது. வாரக்கணக்கான நெருக்கடி அதையே கழற்றுகிறது.

அந்தக் கவசம் எதற்குத் தேவை என்பதற்கு உலகம் கண்ட பெரிய சான்று சைட்ரிட் பூஞ்சை. 2019-ல் வெளிவந்த கணக்குப்படி, அதனால் குறைந்துபோன நீர்நிலவாழ் இனங்கள் 501. அவற்றில் 90 அற்றே போய்விட்டதாகக் கருதப்படுகிறது. தோலில் பற்றி, தோல்வழி உப்புச் சமநிலையைக் குலைத்து, கடைசியில் இதயத்தை நிறுத்துகிறது. வெள்ளணுக்களை முடக்கும் பொருளையும் அது விடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 2011-லேயே அது பதிவாகிவிட்டது. ஆனால் இந்தியாவில் கொத்துக்கொத்தான சாவு நேரவில்லை. பூஞ்சை ஆசியாவில் தோன்றியது என்று 2018-ல் மரபணு ஆய்வு காட்டியதால், நம் தவளைகள் அதோடு பழகிவிட்டிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. குன்னத்துக்கு வேறொரு சாதகமும் இருக்கிறது: 28 டிகிரிக்கு மேல் அந்தப் பூஞ்சை வளரத் திணறும். பெரம்பலூர் வெயிலைத் திட்டுகிறவர்கள் தவளையிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

வெயில் காப்பாற்றாத நெருக்கடிகளும் உண்டு. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் ஓடுகின்றன. அமெரிக்காவில் ஜெனிஃபர் டென்னஸன் குழு, நெடுஞ்சாலையோரக் குளங்களிலிருந்தும் அமைதியான குளங்களிலிருந்தும் காட்டுத் தவளை முட்டைகளை எடுத்து வளர்த்தது. வளர்ந்தவற்றுக்கு வண்டிச் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது, அமைதிக் குளத்து வம்சத்துக்குக் கார்டிகோஸ்டீரோன் ஏறியது. தோல் சுரப்பும் வெள்ளணுக்களும் மாறின. சாலையோர வம்சத்துக்கு அப்படி ஏறவில்லை. 2018-ல் வந்த ஆய்வு இது. அந்தச் சாலைகள் வந்து எத்தனை தலைமுறைத் தவளைகள் போயிருக்கும்? அதற்குள் உடம்பு சத்தத்துக்குப் பதறாமல் இருக்கக் கற்றுவிட்டது.

இதையெல்லாம் தவளையைக் கொல்லாமல் அளக்க முடியும் என்பதைக் காட்டியவர் ஃபிஜித் தீவைச் சேர்ந்த எட்வர்ட் நாராயண். சொறித்தவளையைக் கையில் தூக்கிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும், அடுத்த கணம் உள்ளங்கை நனைந்துவிடும். அந்தச் சிறுநீரைத்தான் நாராயண் குப்பியில் பிடித்து, அதிலிருக்கும் கார்டிகோஸ்டீரோனை அளந்தார். அதே முறையில் அவர் இன்னொன்றையும் சோதித்தார். எந்தத் தவளை எது என்று தெரிய, அவற்றின் கால்விரல் நுனியை வெட்டி அடையாளம் வைப்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த வழக்கம். விரல் வெட்டப்பட்ட சொறித்தவளைகளின் சிறுநீரில், சும்மா பிடித்துவிட்டவற்றைவிட அந்த ஹார்மோன் கூடியிருந்தது.