கந்தக மண் – 14: போர்மேனை எங்கிருந்து எடுப்பது?

அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை எப்படிக் கைமாறிக் கைமாறிப் போனது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. ஆலையை நடத்தியது வேறொருவர். அவரிடமிருந்து ஷெட்டுகள் இன்னும் பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தன. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஆலையில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. குத்தகை பற்றி எவ்வளவு பேசினாலும், விபத்து நடந்த அன்று ஷெட்டுக்கு அருகில் நின்று ‘இது கூடாது’ என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவர் போர்மேன். ‘போர்மேன் கைது’ என்ற செய்தியைப் படிக்காத ஆள் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் இருக்க முடியாது. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார், எதைத் தெரிந்துகொண்டு வந்தார், அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

நாற்காலி காலியானால் முதலாளிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆலைக்குள் பத்துப் பன்னிரண்டு வருடம் மருந்து கலந்து, செலுத்தி, காயவைத்து, கையால் தொழில் கற்ற ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பி மேலே ஏற்றலாம். இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரலாம். அது வேறு ஆலையில் போர்மேனாக இருந்தவராகவோ வேதியியல் படித்த பட்டதாரியாகவோ இருக்கலாம். பெரிய விபத்து நடக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது யோசனைதான் உரக்க ஒலிக்கிறது: படித்த, கண்டிப்பான, ஊர்ப் பழக்கம் ஒட்டாத ஆளைக் கொண்டுவந்து வையுங்கள் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பட்டாசுத் தொழிலைப் பொறுத்தவரை முதல் வழியே சரி என்பதும், அதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் சட்டமே நடைமுறையாக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

போர்மேனின் ஒரு நாளைப் பார்த்தால் காரணம் விளங்கும். விடியற்காலையில், வெயில் ஏறும் முன்னால், மருந்து கலவை முடிய வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றும் தனித்தனியாகச் சாதுவானவை. சல்லடையில் ஒன்றாகச் சலித்த பிறகு அவற்றுக்கு உராய்வே போதும். இரும்புக் கரண்டி உள்ளே வந்ததா, நைலான் சேலையோடு யாராவது வந்துவிட்டார்களா, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்களா, தரையில் தண்ணீர் தெளித்தார்களா, ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் இருக்கிறார்களா என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும். இவை பட்டியலில் இருப்பவை; யாரும் படித்துவிடலாம். பட்டியலில் அடங்காதவைதான் ஆளைக் கொல்கின்றன. நேற்று மீந்த கலவை மூலையில் இருக்கிறது. இரவில் தூறல் விழுந்திருக்கிறது. ஈரம் பட்ட அலுமினியமும் நைட்ரேட்டும் தமக்குள் மெதுவாக வினைபுரிந்து சூடேறும்; அதைத் தடுக்கத்தான் கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். யாரும் தொடாமலே அந்தக் குவியல் பற்றிக்கொள்ளலாம். நேற்று மாலை கலவை மீந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, ஏனென்றால் மீதம் வைப்பதே விதிமீறல். அது கலந்தவருக்குத் தெரியும்; பக்கத்து ஷெட்டில் இருந்தவருக்குத் தெரியும். பல வருடம் அதே வேலையைச் செய்தவர் போர்மேனாக இருந்தால், சட்டியின் கனத்தையும் கலந்தவரின் முகத்தையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பேன்சி ரகங்களுக்கு உருட்டும் மணி மருந்து காய்ந்துவிட்டதா என்பதும் அப்படித்தான். மேடையில் பரப்பிக் கையால் தள்ளிப் பழகியவருக்குத்தான் அந்தப் பதம் பிடிபடும்.

வெளியாளுக்கும் இதெல்லாம் நாளடைவில் வந்துவிடும் என்பார்கள். வரும், எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி. வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் மேத்யூ பிட்வெல் அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் பணியாளர் பதிவுகளை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், அதே வேலைக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் சம்பளம் வாங்கினார்கள். படிப்பிலும் ஏட்டளவிலான அனுபவத்திலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. அப்படியும் முதல் இரண்டு ஆண்டுகள் அவர்களின் பணி மதிப்பீடு தாழ்ந்தே இருந்தது. அங்கே நடந்த தடுமாற்றத்துக்கு விலை பணம். மருந்து அறையில் ஒருவர் தடுமாறிக் கற்றுக்கொள்ள இரண்டு தீபாவளி சீசனைக் கொடுக்க முடியாது.

விமான நிறுவனங்கள் கேபின் மேற்பார்வையாளரை வெளியிலிருந்து எடுப்பதுண்டே, அங்கே மட்டும் உயிர்கள் இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மூத்த கேபின் ஊழியராக வருபவருக்குப் பணியில் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான விதி சொல்கிறது. அந்த அனுபவம் இதே நிறுவனத்தில் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அது அங்கே செல்லுபடியாகக் காரணம் இருக்கிறது. ஒரே ரக விமானத்தின் கதவு எந்த நிறுவனத்தில் பறந்தாலும் ஒரே மாதிரிதான் திறக்கும். அவசர கால நடைமுறை எழுத்தில் இருக்கிறது, பயிற்சியில் சோதிக்கப்படுகிறது. எழுத்தும் நடப்பும் ஒன்றாக இருக்கும் இடத்தில் வெளியாள் சீக்கிரம் பொருந்திவிடுவார். பட்டாசு ஆலையில் எழுத்து ஒன்று, நடப்பு ஒன்று. கலவை விகிதம் ஆலைக்கு ஆலை மாறும். அதை வெளியே சொல்ல மாட்டார்கள். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையின் உரிமம் வாங்கிய பெரிய ஆலையில் பழகியவருக்கு, மாவட்ட வருவாய் அலுவலர் உரிமத்தில் ஓடும் சின்ன ஆலையின் இடநெருக்கடி புதிது. இந்த இடைவெளியை அறிந்தவர்கள் அதற்குள்ளேயே வேலை செய்தவர்கள் மட்டுமே.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளராக ‘மைனிங் சர்தார்’ ஒருவர் இருப்பார். அந்தச் சான்றிதழுக்குச் சுரங்கத்தில் வேலை செய்த அனுபவம் வேண்டும். முதலுதவிச் சான்றிதழும் நச்சுவாயுவைச் சோதிக்கத் தெரியும் என்பதற்கான சான்றிதழும் வேண்டும். தேர்வை நடத்துவது முதலாளி அல்ல, தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். ஆபத்து என்று கண்டால் அந்த இடத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுவது சர்தாரின் சட்டப்படியான கடமை. நிர்வாகத்தின் அனுமதிக்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை. ரயில்வேயிலும் லோகோ பைலட்டுகளைக் கண்காணிக்கும் லோகோ இன்ஸ்பெக்டர்கள், எஞ்சின் ஓட்டியவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அபாயம் அதிகமான தொழில்களில் அனுபவமும் அரசுத் தேர்வும் சேர்ந்த மேற்பார்வையாளரையே நாடு நம்புகிறது. மருந்து அறை சுரங்கத்தைவிடப் பாதுகாப்பானது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் வலுவானது இது: உள்ளிருந்து வருபவர் தொழிலோடு தொழிலின் கெட்ட பழக்கங்களையும் கொண்டுவருவார். ‘இத்தனை வருஷமா இப்படித்தான் செய்றோம், ஒண்ணும் ஆகலையே’ என்ற பேச்சுக்குப் பலியானவர்கள் ஏராளம். குளோரேட்டோடு கந்தகத்தைக் கலக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே தடை விதித்தது. அதற்கு முன்பு அனுபவசாலிகள்தான் அதைக் கலந்துகொண்டிருந்தார்கள்; அனுபவம் மட்டும் அவர்களுக்கு அதைக் கைவிடக் கற்றுத்தரவில்லை. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் வெறும் பதவி உயர்வை நான் பேசவில்லை. தேர்வோடு கூடிய பதவி உயர்வைப் பேசுகிறேன். பழக்கத்தை உடைக்க வகுப்பறையால் முடியும். சிவகாசியில் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொழிலாளர்களுக்கும் போர்மேன்களுக்கும் பயிற்சி நடத்துகிறது. பத்து வருடக் கைப்பழக்கம் உள்ளவருக்கு ஏன் என்ற காரணத்தை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம். காரணம் மட்டும் தெரிந்தவருக்குக் கைப்பழக்கத்தை ஆறு மாதத்தில் ஊட்ட முடியாது.

வேதியியல் வாதமும் இதோடு சேர்ந்ததுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. பச்சை உப்பு என்று ஆலைகளில் சொல்லும் பேரியம் நைட்ரேட் போனபின், பல ரகங்களின் கலவையையே மாற்ற வேண்டிவந்தது. நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசுச் சூத்திரங்கள் வந்தன. புதிய கலவைக்குப் பழைய அனுபவம் கைகொடுக்காது, பட்டதாரிதான் வேண்டும் என்பது நியாயமான பேச்சு. பட்டதாரி வரட்டும், ஆய்வகத்துக்கு வரட்டும், கலவையைச் சோதிக்கட்டும், விகிதத்தை எழுதிக் கொடுக்கட்டும். ஷெட்டுகளுக்கு நடுவே நடந்து கண்காணிப்பது தனி வேலை. இரண்டையும் ஒரே சம்பளத்தில் ஒரே ஆளின் தலையில் கட்டுவது செலவைக் குறைக்கும் வழி, பாதுகாப்புக்கான வழி அல்ல. இந்த மண்ணின் தொழில் வரலாறே இதற்குச் சாட்சி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கிருந்து நிபுணர்களைக் கூட்டிவந்து உட்கார வைக்கவில்லை. தாங்களே கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அறிவை வெளியிலிருந்து கொண்டுவரலாம். அதை ஏந்தும் கை உள்ளூர்க் கையாக இருந்ததால்தான் தொழில் நிலைத்தது.

அடுத்தது, சொந்தபந்தம். ஆலை வேனில் ஒரே ஊரிலிருந்து வருகிறார்கள். மாமன், மச்சான், பெரியம்மா மகள் என்று உறவு ஓடுகிறது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர் இன்றைக்கு எப்படிக் கண்டிப்பார்? கஷ்டம்தான். ஆனால் அந்த உறவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘மதினி, அந்தச் சட்டியை அப்படியே வச்சுட்டு வெளியே வாங்க’ என்று அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. தன் நன்மைக்குத்தான் சொல்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதையே புதிதாக வந்த வெளியூர்க்காரர் சொன்னால், முதலாளியின் ஆள் கெடுபிடி செய்கிறார் என்றுதான் தோன்றும். அவர் தலை மறைந்ததும் பழையபடி வேலை நடக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில், தீயைப் பார்த்து உதவ ஓடிவந்த சுற்றூர்க்காரர்கள் பலரும் அடுத்தடுத்த வெடிப்பில் மாண்டார்கள். ஊர் ஆலையை விட்டுத் தள்ளி நிற்பதில்லை. அந்த ஊரின் நம்பிக்கையைப் பெற்றவர் ஒருவர் கண்காணிப்பில் இருப்பதைக் குறை என்று ஒதுக்குவது தவறு.

உள்ளிருந்து உயர்த்துவது என்று பேசத் தொடங்கினால் பெண்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. இந்த ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் பெருந்தொகை. மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் அவர்கள் கைவேலை. ஆனால் போர்மேன் இடத்துக்கு ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்பவர்கூட அரிது. ஏர் இந்தியாவில் இதே கதை நடந்தது. விமானத்துக்குள் மேற்பார்வையாளர் பதவி நெடுங்காலம் ஆண்களுக்கே என்றிருந்தது. 2005-ல் நிர்வாகம் அதைப் பெண்களுக்கும் திறந்தபோது ஆண் ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் 2011-ல் உச்ச நீதிமன்றமும் பெண்கள் பக்கமே நின்றன. ஒரே வேலையைப் பல வருடம் செய்தவர்களில் பாதிப் பேரைப் பட்டியலிலேயே சேர்க்காமல், உள்ளே தகுதியான ஆள் இல்லை என்று வெளியே தேடுவது ஏழாயிரம்பண்ணையிலும் எடுபடக் கூடாத வாதம்.

கடைசியாக, முதலாளி காது கொடுக்காவிட்டால் உள்ளூர்ப் போர்மேன் என்ன, வெளியூர்ப் போர்மேன் என்ன என்ற கேள்வி. இதற்குப் பதவி உயர்வு மட்டும் பதில் ஆகாது. சர்தாருக்கு உள்ளதைப் போல, வேலையை நிறுத்தும் அதிகாரமும் நிறுத்தியதற்காக வேலையிலிருந்து நீக்கப்படாத பாதுகாப்பும் போர்மேனுக்கு எழுத்தில் வேண்டும். உள்குத்தகைக்குப் போன ஷெட்டில் அவர் சொல் செல்லாது என்ற நிலை இருந்தால், உள்குத்தகை நடப்பதை அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமையும் உரிமையும் அவருக்கு வேண்டும். கூடவே, அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. ஆலைகளில் பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. காற்றில் ஈரம் குறைந்த சித்திரை நண்பகலில் போர்மேன் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்தினால், அந்த இரண்டு மணி நேரக் கூலி செலுத்தும் பெண்ணின் கையிலிருந்து போகிறது. அவர் முணுமுணுப்பார், முணுமுணுக்காமல் என்ன செய்வார், மாலையில் அரிசி வாங்க வேண்டும். பாதுகாப்புக்காக நிறுத்திய நேரத்துக்கு அன்றைய சராசரிக் கூலியை ஆலை தர வேண்டும் என்று உரிம நிபந்தனையில் சேர்க்கலாம். அதற்குப் புதிய ஷெட் கட்ட வேண்டியதில்லை, இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. அது இல்லாதவரை, தன் ஊர்க்காரர்களின் அன்றைய கூலியைத் தானே வெட்டும் நிலைமையில்தான் போர்மேன் ஒவ்வொரு முறையும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கும்.